வலியே இல்லாமல் எலும்பைத் தின்னும் நீர்க்கட்டி!

திருச்சியிலிருந்து சென்னைக்குப் போகும் பெரிய சாலையில், பெரம்பலூரைத் தாண்டி வடக்கே போனால் ஒரு கோட்டை தெரியும். அதுதான் ரஞ்சன்குடிக் கோட்டை. கருங்கல் மதில், அகழி, வட்டமான கொத்தளங்கள் என்று இன்றும் கம்பீரமாக நிற்கிறது.

1751-ம் ஆண்டில் இந்த வட்டாரத்தில் பெரிய சண்டை நடந்தது. ஒரு பக்கம் முகமது அலியும் ஆங்கிலேயர்களும். மறு பக்கம் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும். பகைவன் வருகிறான் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்தது. பீரங்கிச் சத்தமே சொல்லிவிட்டது.

ஆனால், சத்தம் போடாமல் வரும் பகைவனும் உண்டு. அவன் மதிலுக்கு வெளியே நிற்பதில்லை. மதிலுக்குள்ளேயே பிறக்கிறான். உள்ளே இருந்தபடியே கல்லைக் கரைக்கிறான். வெளியே பார்த்தால் மதில் அப்படியே இருக்கும். உள்ளே வெறும் கூடுதான் மிஞ்சியிருக்கும்!

அந்த மதில், நம் முகத்தில் இருக்கும் தாடை எலும்பு. அந்தப் பகைவன், தாடைக்குள் வளரும் நீர்க்கட்டி.

"வலி இல்லையே!"

ரஞ்சன்குடிப் பக்கத்தில் ஒரு குடியானவர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வயது முப்பது. மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பயிர் செய்கிறவர். நல்ல உழைப்பாளி.

ஒரு நாள் சோறு போடும்போது மனைவி அவர் முகத்தை உற்றுப் பார்க்கிறாள்.

"ஏங்க, வலது பக்கம் தாடை கொஞ்சம் உப்பின மாதிரி இருக்கே? பாத்தீங்களா?"

"வலி ஒண்ணும் இல்லே புள்ளே. அறுவடை முடியட்டும், பாத்துக்கலாம்."

அறுவடை முடிகிறது. அடுத்த விதைப்பு வருகிறது. யாரோ சொன்னார்கள் என்று மஞ்சள் பத்துப் போடுகிறார். ஒரு கடைவாய்ப் பல் ஆடத் தொடங்குகிறது. வாயில் ஒருவித உப்புச் சுவை வருகிறது. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்.

எக்ஸ்ரே எடுக்கிறார்கள். எலும்பு இருக்கும் இடம் படத்தில் வெள்ளையாகத் தெரிய வேண்டும். இவருக்கோ, கடைவாய்ப் பல்லிலிருந்து காதின் அடி வரையில் ஒரே கறுப்பாக இருக்கிறது! ஓரத்தில் மட்டும் மெல்லிய வெள்ளைக் கோடு. முட்டை ஓட்டின் கனம்தான் இருக்கும். முறுக்கைக் கடித்தால்கூடத் தாடை முறிந்துவிடலாம் என்ற நிலைமை.

இது கற்பனைக் குடியானவரின் கதை. ஆனால் இப்படி நடப்பது கற்பனை அல்ல. பல் டாக்டர்களைக் கேட்டால், வலி இல்லை என்று காத்திருந்து காலம் கடந்து வருகிறவர்கள் உண்டு என்றுதான் சொல்லுவார்கள்.

இந்தக் கட்டி எங்கிருந்து வருகிறது? எப்படி வளர்கிறது? வெட்டி எடுத்த பிறகு மறுபடியும் வருமா? இதையெல்லாம் கண்டுபிடிக்க விஞ்ஞானிகள் செய்த முயற்சி, துப்பறியும் கதை போன்றது.

சிதறிய விதைகள்

தாயின் வயிற்றில் குழந்தை உருவாகும்போது, ஆறாவது வாரத்திலேயே பல்லுக்கான வேலை தொடங்கிவிடுகிறது. ஈறு இருக்கும் இடத்தில் ஒரு நாடா போன்ற திசு கீழே இறங்குகிறது. அதிலிருந்துதான் ஒவ்வொரு பல்லும் முளை விடுகிறது. பால் பற்கள் 20. பிறகு வரும் பற்கள் 32. அவ்வளவுதான். வேலை முடிந்ததும் அந்த நாடா துண்டு துண்டாகி மறைந்துபோகிறது.

சுறா மீனுக்கு அப்படி அல்ல. அதன் நாடா ஆயுள் முழுவதும் அழிவதில்லை. பல் விழ விழ, புதுப் பல் முளைத்துக்கொண்டே இருக்கும்.

பெரம்பலூர் மாவட்டத்தில் காரை என்று ஓர் ஊர் இருக்கிறது. ஏறக்குறைய பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன்னால் அங்கே கடல் இருந்தது. அந்தக் காலத்துச் சுறாக்களின் பற்கள் கல்லாக மாறி, இன்றும் அங்கே மண்ணிலிருந்து கிடைக்கின்றன. அத்தனை பற்களையும் உண்டாக்கியது அந்த நாடாதான்!

மனிதனிடம் அந்த நாடா மறைகிறது என்று சொன்னோம். ஆனால் முழுவதும் மறைவதில்லை. கதிர் அறுத்த பிறகு வயலில் நாலு மணி சிதறிக் கிடப்பதில்லையா? அதுபோல, சில உயிரணுக்கள் தாடைக்குள் தங்கிவிடுகின்றன. பல்லின் வேரைச் சுற்றித் தங்கும் அணுக்களைப் பற்றி 1885-ல் பிரான்சு நாட்டு அறிஞர் மலாசே எழுதினார். இன்றும் அவற்றுக்கு அவர் பெயரே வழங்குகிறது.

பெரும்பாலானவர்களுக்கு இந்த அணுக்கள் ஆயுள் முழுவதும் தூங்கிக்கொண்டே இருக்கும். சிலருக்கு மட்டும் விழித்துக்கொள்கின்றன. மழை பட்ட விதை முளைப்பதுபோல் பெருகுகின்றன. பல்லை உண்டாக்க வேண்டிய அணு, ஒரு பையை உண்டாக்குகிறது. பைக்குள் நீர் சேர்கிறது. அதுதான் நீர்க்கட்டி.

மூன்று வகை

தாடை நீர்க்கட்டிகளில் பல வகை உண்டு. முக்கியமானவை மூன்று.

முதல் வகை, சொத்தைப் பல்லின் வேர் நுனியில் வருவது. தாடையில் வரும் நீர்க்கட்டிகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். சொத்தை வேர் வரையில் இறங்கி, அங்கே புண் உண்டாகி, தூங்குகிற அணுக்களைத் தட்டி எழுப்பிவிடுகிறது. சொத்தையை ஆரம்பத்திலேயே அடைத்துவிட்டால் இந்தக் கட்டியைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.

இரண்டாவது வகை, வெளியே வராமல் எலும்புக்குள் புதைந்து கிடக்கும் பல்லின் தலையைச் சுற்றி வருவது. கடைசியில் முளைக்கும் கடைவாய்ப் பல்லில் இது அதிகம்.

மூன்றாவது வகைதான் பொல்லாதது. நகத்திலும் தலைமயிரிலும் இருக்கும் பொருளுக்குக் கெரட்டின் என்று பெயர். அந்தக் கெரட்டின் இந்தக் கட்டியின் உள்ளே சேர்ந்து, தயிர்க்கட்டி போல் நிறைந்திருக்கும். அதனால் இதைக் கெரட்டின் கட்டி என்று சொல்லலாம். மேலே சொன்ன நாடாவின் மிச்சத்திலிருந்து பிறப்பது இதுதான். இருபது, முப்பது வயதுக்காரர்களிடம் அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் கீழ்த்தாடையின் பின்பக்கத்தில் வருகிறது.

எப்படி வளர்கிறது?

பாயசத்துக்குப் போடும் உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊற வையுங்கள். சிறிது நேரத்தில் பருத்துவிடும். உள்ளே இருக்கும் சர்க்கரை, வெளியே இருக்கும் தண்ணீரைத் தோல் வழியாக இழுக்கிறது. முதல் இரண்டு வகைக் கட்டிகளும் பெரும்பாலும் இப்படித்தான் பருக்கின்றன. பைக்குள் இறந்து விழும் அணுக்கள் வெளியிலிருந்து நீரை இழுக்கின்றன. பை விரிகிறது. எலும்பை நாலு பக்கமும் அழுத்துகிறது.

அழுத்தினால் மட்டும் எலும்பு கரைந்துவிடுமா? கரையாது. நம் உடம்பிலேயே எலும்பைக் கரைக்கும் அணுக்கள் இருக்கின்றன. பழைய எலும்பை இடித்துவிட்டுப் புது எலும்பு கட்ட உதவும் கூலியாட்கள் அவை. கட்டியின் சுவர் சில ரசாயனப் பொருள்களைச் சுரந்து, இந்தக் கூலியாட்களை ஏவிவிடுகிறது. வீட்டுக்காரனுடைய ஆளையே வைத்து வீட்டை இடிக்கும் தந்திரம்!

கெரட்டின் கட்டியோ இன்னும் ஒரு படி மேலே போகிறது. அது நீரை மட்டும் நம்பி வளர்வதில்லை. அதன் தோலில் இருக்கும் அணுக்களே வேகமாகப் பெருகுகின்றன. எலும்பின் உள்ளே இருக்கும் மென்மையான பகுதி வழியாக நீளவாட்டில் ஊர்ந்து போகிறது. அதனால் முகத்தில் வீக்கம் தெரிவதற்கு முன்பே உள்ளே நெடுந்தூரம் பரவிவிடுகிறது.

அதன் தோல் மிகவும் மெல்லியது. ஆறு முதல் எட்டு வரிசை அணுக்கள்தான் இருக்கும். ஆபரேஷன் செய்யும்போது ஈரக் காகிதம் போல் கிழிந்துவிடும். ஒரு சிறு துண்டு உள்ளே தங்கினாலும் போதும், மறுபடி முளைத்துவிடும். பெரிய கட்டியின் பக்கத்திலேயே குட்டிக் கட்டிகளும் ஒளிந்திருக்கும். வெறுமனே சுரண்டி எடுத்தால், நூற்றுக்கு இருபது பேருக்கு மேல் திரும்பி வருவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. சிலருக்குப் பத்து ஆண்டு கழித்தும் வந்திருக்கிறது!

பெயர் மாறிய கட்டி

டென்மார்க் நாட்டு அறிஞர் பிலிப்சன் 1956-ல் இந்தக் கட்டிக்குப் பெயர் வைத்தார். பிறகு டாக்டர்களுக்குள் ஒரு வாதம் எழுந்தது.

"இது நீர்க்கட்டிதான்" என்றார்கள் சிலர். "இல்லை, இப்படித் திரும்பத் திரும்ப முளைக்கிறதே, இது கழலை வகை" என்றார்கள் வேறு சிலர்.

2005-ல் உலக சுகாதார நிறுவனம் இதைக் கழலைப் பட்டியலில் சேர்த்தது. 2017-ல் மறுபடியும் நீர்க்கட்டி என்றே மாற்றியது!

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நோயாளிக்கு அதில்தான் எல்லாம் இருக்கிறது. சாதாரண நீர்க்கட்டி என்றால் பையை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பலாம். கழலை போல நடந்துகொள்ளும் கட்டி என்றால், சுற்றியுள்ள எலும்பையும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கும். சில சமயம் தாடையில் ஒரு பகுதியையே வெட்ட வேண்டும். முகமே மாறிவிடும். முப்பது வயதுக் குடியானவருக்கு இது சின்ன விஷயமா?

கட்டியின் குணத்தை எப்படி அறிவது? அதற்குத்தான் அடையாளப் புரதங்கள் உதவிக்கு வந்தன.

கீல் நகரத்து 67

ஜெர்மனியில் கீல் என்று ஒரு நகரம். அங்கே கெர்டஸ் என்ற விஞ்ஞானியும் அவருடைய நண்பர்களும் ஒரு புரதத்தைக் கண்டுபிடித்து 1983-ல் வெளியிட்டார்கள். அவர்கள் சோதனை செய்த தட்டில் 96 குழிகள் இருந்தன. 67-வது குழியில் வெற்றி கிடைத்தது. நகரத்தின் பெயரையும் குழியின் எண்ணையும் சேர்த்து அதற்கு 'கேஐ-67' என்று பெயர் வைத்தார்கள்.

இந்தப் புரதத்தின் விசேஷம் என்ன தெரியுமா? ஓர் உயிரணு இரண்டாகப் பிரியத் தயாராகும்போது மட்டுமே அது அணுவின் நடுக்கருவில் தோன்றும். அணு ஓய்வாக இருந்தால் தோன்றாது. இரவில் எந்த வீட்டில் விளக்கு எரிகிறதோ, அந்த வீட்டில் ஆள் விழித்திருக்கிறான் என்று கண்டுகொள்கிறோம் அல்லவா? அதுபோல்தான்.

சோதனையை எப்படிச் செய்கிறார்கள்?

ஆபரேஷனில் எடுத்த கட்டியின் தோலை மருந்தில் ஊற வைத்து, மெழுகில் பதித்து, மிக மெல்லியதாகச் சீவுகிறார்கள். தலைமயிரின் பருமனில் இருபதில் ஒரு பங்குதான் அதன் கனம். பிறகு, அந்தப் புரதத்தில் மட்டும் போய் ஒட்டிக்கொள்ளும் ஒரு மருந்தை அதன் மேல் ஊற்றுகிறார்கள். பூட்டுக்கு ஏற்ற சாவி போல, அது சரியாகப் பொருந்திக்கொள்ளும். அது ஒட்டிய இடமெல்லாம் பழுப்பு நிறமாகும்படி சாயம் ஏற்றுகிறார்கள்.

இப்போது பூதக்கண்ணாடியில் பார்த்தால், பெருகிக்கொண்டிருக்கும் அணுக்கள் பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். நூறு அணுவில் எத்தனை பழுப்பு என்று எண்ணிவிட வேண்டியதுதான்.

பல நாடுகளில் இப்படி எண்ணிப் பார்த்தார்கள். மற்ற இரண்டு வகையைவிடக் கெரட்டின் கட்டியில் பழுப்புப் புள்ளிகள் அதிகம் இருந்தன. அது மட்டும் அல்ல. சாதாரணமாக அடி வரிசை அணுக்கள்தான் பெருகும். கெரட்டின் கட்டியிலோ அதற்கு மேல் வரிசையிலும் பழுப்புப் புள்ளிகள்! அது ஏன் ஊர்ந்து பரவுகிறது என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டது.

பிரேக் பிடிக்காத லாரி

இன்னும் சில அடையாளங்களும் உண்டு. 'பிசிஎல்-2' என்ற புரதம், சாக வேண்டிய அணுவைச் சாகவிடாமல் தடுக்கிறது. கெரட்டின் கட்டியின் அடி வரிசையில் இது காணப்படுகிறது. ஒரு பக்கம் பெருக்கம் அதிகம், மறு பக்கம் சாவு குறைவு என்றால் கூட்டம் பெருகாமல் என்ன செய்யும்?

அடிப்படைக் காரணமும் கொஞ்சம் பிடிபட்டிருக்கிறது. 'பேட்ச்டு' என்ற ஒரு மரபணு இருக்கிறது. அணுக்களின் வளர்ச்சிக்கு அது பிரேக் போன்றது. பிரேக் பழுதானால் லாரி மலைச் சரிவில் என்ன ஆகும்? அப்படித்தான் அணுக்களும் கட்டுப்பாடு இல்லாமல் ஓடுகின்றன.

சில குடும்பங்களில் இந்தப் பழுது பரம்பரையாகவே வருகிறது. அவர்களுக்கு ஒன்றல்ல, பல கெரட்டின் கட்டிகள் சிறு வயதிலேயே வரும். தோலில் ஒருவகைப் புற்றும், விலா எலும்பில் பிளவும் ஏற்படலாம். இவையெல்லாம் ஒரே நோயின் அறிகுறிகள் என்று அமெரிக்க டாக்டர்கள் கார்லினும் கோல்ட்சும் 1960-ல் விளக்கினார்கள். அதற்கான மரபணு எது என்பது 1996-ல் தெரிந்தது. ஒரு குழந்தைக்கு இரண்டு, மூன்று கெரட்டின் கட்டிகள் இருந்தால், குடும்பத்தையே சோதிக்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்வது இதனால்தான்.

சொன்னதை மாற்றிக்கொண்ட டாக்டர்

தாடையை வெட்டாமல் தீர்க்க வழி இல்லையா? உண்டு. 1892-ல் ஜெர்மானிய டாக்டர் பார்ட்ஷ் ஒரு வழி சொன்னார். பையை முழுவதும் எடுக்காமல், அதில் ஒரு சன்னலைத் திறந்து வைப்பது. உள்ளே இருக்கும் நீர் வடிந்துவிடும். அழுத்தம் குறையும். தினமும் உப்பு நீரால் கழுவி வந்தால், பல மாதங்களில் கட்டி சுருங்கி எலும்பு மீண்டும் வளரும்.

கெரட்டின் கட்டிக்கும் இதைச் செய்து பார்த்தார் சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த டாக்டர் போக்ரல். கட்டிகள் மறைந்தன. அந்த இடத்துத் தோலைச் சோதித்தபோது பிசிஎல்-2 புரதமும் காணப்படவில்லை. பொல்லாத தோல், சாதாரண வாய்த் தோல் போலவே மாறியிருந்தது! இதுவே முழுச் சிகிச்சை என்று 2004-ல் எழுதினார்.

ஆனால், பிறகு சிலருக்குக் கட்டி திரும்பி வந்தது. உடனே அவர் என்ன செய்தார்? 2007-ல், தாம் முன்பு சொன்னதில் ஒரு பகுதியைத் திரும்பப் பெறுவதாகத் தாமே பகிரங்கமாக எழுதினார். இதுவல்லவா நேர்மை!

ஆகவே இப்போது பல இடங்களில் முதலில் சன்னல் திறந்து கட்டியைச் சுருக்குகிறார்கள். பிறகு மிச்சத்தை எடுக்கிறார்கள். தாடை தப்புகிறது. கட்டி திரும்பி வரும் அபாயமும் குறைகிறது.

ஒன்றை மறக்கக் கூடாது. பழுப்புப் புள்ளிகளை மட்டும் வைத்துக்கொண்டு டாக்டர்கள் முடிவு செய்வதில்லை. கட்டியில் சீழ் பிடித்திருந்தால் எண்ணிக்கை கூடித் தெரியும். சாதாரணச் சாயச் சோதனை, எக்ஸ்ரே, நோயாளியின் நிலைமை எல்லாவற்றையும் சேர்த்துத்தான் தீர்ப்பு. புரதச் சோதனை ஒரு சாட்சிதான்; நீதிபதி அல்ல.

தாடைக்குள் 526 பற்கள்!

தாடைக்குள் என்னவெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதற்குச் சென்னையில் நடந்த ஒரு சம்பவமே சாட்சி.

2019-ம் ஆண்டு ஜூலை மாதம். ஏழு வயதுச் சிறுவன் ஒருவனைச் சவீதா பல் மருத்துவக் கல்லூரிக்கு அழைத்து வந்தார்கள். வலது கீழ்த்தாடையில் வீக்கம். மூன்று வயதிலேயே பெற்றோர் அதைப் பார்த்திருக்கிறார்கள். அப்போது சோதனைக்குக் குழந்தை ஒத்துழைக்கவில்லை.

டாக்டர்கள் ஆபரேஷன் செய்து ஒரு பை போன்ற கட்டியை எடுத்தார்கள். திறந்து பார்த்தால் உள்ளே பற்கள்! ஒன்றல்ல, இரண்டல்ல, 526 பற்கள்! எண்ணி முடிக்கவே பல மணி நேரம் ஆயிற்று. இது நீர்க்கட்டி அல்ல. பல் கழலை என்னும் வேறு வகை. ஆனால் இதுவும் பல்லை உண்டாக்கும் அணுக்கள் தடம் மாறியதால் வந்த வினைதான். தாடை பெரிதாக வெட்டப்படாமலே சிறுவன் குணமானான்.

நாம் என்ன செய்ய வேண்டும்?

தாடையில் வீக்கம் தெரிந்தால், வலி இல்லாவிட்டாலும் பல் டாக்டரிடம் காட்ட வேண்டும். வலி இல்லாத வீக்கத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

குழந்தைக்குப் பால் பல் விழுந்து, நெடுநாளாகியும் புதுப் பல் வராவிட்டால் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும்.

அடிபடாமலே பல் ஆடினால், வரிசை விலகினால், வாயில் உப்பாகவோ நாற்றமாகவோ நீர் கசிந்தால், உதடு மரத்துப்போனால் தாமதிக்கக் கூடாது.

வீக்கத்துக்குச் சூடு வைப்பது, பத்துப் போடுவது, ஊசியால் குத்திப் பார்ப்பது எல்லாம் ஆபத்து.

ஆபரேஷனில் எடுத்த கட்டியைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். கேட்பதில் தப்பே இல்லை. கட்டியின் பெயர் தெரிந்தால்தான் பிறகு எத்தனை நாள் கவனிக்க வேண்டும் என்பது தெரியும்.

கெரட்டின் கட்டி என்று தெரிந்தால், ஆபரேஷன் முடிந்துவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. முதல் ஐந்து ஆண்டுகளில்தான் அது திரும்பி வருவது அதிகம். ஆண்டுக்கு ஒரு முறையாவது எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகும் டாக்டர் சொல்லும் கெடுவில் காட்டி வர வேண்டும்.

இதற்கெல்லாம் பட்டணத்துக்கு ஓட வேண்டும் என்பதில்லை. முதல் எக்ஸ்ரேயை மாவட்ட அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுக்கலாம். பெரிய சிகிச்சை தேவை என்றால் பல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். பெரம்பலூர், அரியலூர்க்காரர்களுக்குச் சிதம்பரத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

நம் குடியானவருக்கு வருவோம். மனைவி கேட்ட அன்றே அவர் போயிருந்தால், கட்டி ஒரு கொட்டைப்பாக்கு அளவில் இருந்திருக்கலாம். சிறிய ஆபரேஷனோடு முடிந்திருக்கும். இப்போது சன்னல் திறந்து வைத்து, மாதக் கணக்கில் உப்பு நீரால் கழுவிக்கொண்டிருக்கிறார். கெட்டியான சோறுகூட இல்லை, கஞ்சிதான். ஆனாலும் தாடை தப்பிவிடும் என்று டாக்டர் நம்பிக்கை சொல்லியிருக்கிறார்.

"இனிமே நீ சொன்னா அன்னிக்கே கிளம்பிடறேன் புள்ளே" என்கிறார் அவர்.

உங்கள் வீட்டிலும் யாராவது "கன்னம் உப்பியிருக்கே" என்று சொன்னால், அறுவடை முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கண்ணாடியை எடுத்து ஒரு தரம் பாருங்கள்.